ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்?

நேயர்களுக்கு வணக்கம். புதுச்சேரி இந்திரா காந்தி சிலை சிக்னலில் நிற்கும்போது டெம்பரேச்சர் முள் ஏறினால் எல்லோரும் வெயிலைத்தான் திட்டுவார்கள். நான் முதலில் கேட்பது, ரேடியேட்டரில் என்ன தண்ணீர் ஊற்றினீர்கள் என்றுதான்.

எஞ்சினைச் சுற்றிவரும் கூலண்ட் என்ற குளிர்விக்கும் திரவம், சூட்டை வாங்கிக்கொண்டு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள் இறங்குகிறது. குழாய்களுக்கு நடுவே மடிப்பு மடிப்பாக அலுமினியத் தகடுகள். காற்று பட்டுச் சூடு தணியும். வண்டி ஓடும்போது எதிர்க்காற்றே போதும், நின்றால் ஃபேன் சுற்றும். தெர்மோஸ்டாட் என்றொரு வால்வும் உண்டு. எஞ்சின் 80, 90 டிகிரிக்கு வரும்வரை அது ரேடியேட்டருக்கு வழி விடாது. "நம்ம ஊரு வெயிலுக்கு இது எதுக்கு சார்?" என்று அதைக் கழற்றிப் போடுகிறவர்கள் உண்டு. சம்மதிக்காதீர்கள். எஞ்சின் போதிய சூட்டுக்கு வராது, பெட்ரோல் கூடுதலாகக் குடிக்கும்.

சரி, தண்ணீருக்கு வருவோம். நம் கடலோரத்தில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. அதிலுள்ள சுண்ணாம்பு குழாய்க்குள் படிந்து அடைக்கும், உப்பு அலுமினியத்தை அரிக்கும். கூலண்ட் பனி நாட்டுக்குத்தானே என்பார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலைதான். துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும்தான் நமக்கு முக்கியம். கலக்காத கூலண்ட் என்றால் பெரும்பாலும் பாதிக்குப் பாதி டிஸ்டில்டு வாட்டர் சேர்க்கவேண்டும், கலந்தே வருவதை அப்படியே ஊற்றலாம். நிறத்தைப் பார்த்து வாங்காதீர்கள். வண்டியோடு வந்த புத்தகம் சொல்லும் வகைதான் கணக்கு.

கடலூர் தேவனாம்பட்டினம் மாதிரி கடற்கரையோரம் வண்டி நிறுத்துகிறவர்களுக்கு வெளிப்பக்கமும் கவலைதான். தகடுகளில் உப்பு ஒட்டும். சாதாரண ஹோஸ் தண்ணீரால் மெதுவாகக் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னைக் கிட்டே பிடித்தால் தகடு மடங்கிவிடும், அப்புறம் காற்றே புகாது.

காலையில் எஞ்சின் ஆறியிருக்கும்போது கூலண்ட் ரிசர்வ் டேங்கைப் பாருங்கள். இரண்டு கோடுகளுக்கு நடுவே இருக்கவேண்டும். அடிக்கடி குறைந்தால் எங்கோ கசிகிறது, மேலே மேலே ஊற்றிச் சமாளிக்காதீர்கள். எஞ்சின் ஆயில் பால் டீ நிறத்தில் இருந்தால் கூலண்ட் ஆயிலில் கலக்காமல் தடுக்கும் ஹெட் கேஸ்கட் போயிருக்கலாம், வண்டியை ஓட்டாதீர்கள்.

முள் சிவப்பைத் தொட்டால் ஓரங்கட்டி எஞ்சினை அணையுங்கள். ரேடியேட்டர் மூடியில் மட்டும் கை வைக்கவேண்டாம். குக்கர் போல உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் 100 டிகிரி தாண்டியும் கொதிக்காமல் நிற்கிறது. திறந்த நொடியே பொங்கி முகத்தில் அடிக்கும்.

கூலண்ட் மாற்றும்போது பழையதை வாசலில் கொட்டிவிடாதீர்கள். இனிப்பாக இருப்பதால் தெருநாய் நக்கும். அது விஷம். கேனில் பிடித்து மூடி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வைத்திருந்து, ஒர்க்‌ஷாப்பில் கொடுத்துவிடுங்கள். நன்றி, வணக்கம்.