ஆன்டிபாடி நம்பரும் சாளை வலையும்

(குளச்சலில் ஒரு நூலகக் கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம். தகரக் கூரையில் மழை அடிக்கிற அடியில் கடைசி பெஞ்சுக்குக் கேட்குமா தெரியவில்லை, சத்தமாகவே பேசுகிறேன்.

2021 ஜூன், கொரோனாக் காலம். எங்கள் தெரு அக்கா ஒருவர், வீட்டுக்காரர் வள்ளத்துக்குப் போகிறவர், லேப் ரிப்போர்ட்டை நான்காக மடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். மடிப்பெல்லாம் ஈரத்தில் நைந்திருந்தது. ஆன்டிபாடி, அதாவது கிருமியை எதிர்க்க நம் உடம்பு செய்கிற புரதம், அந்த வரிக்கு நேரே '250க்கு மேல்'. "நல்ல நம்பர்னு லேப்ல சொன்னாவ சாரே, பிறகு எதுக்கு இவியளுக்கு இப்படி மூச்சு இளைக்குது?" வீட்டுக்காரருக்குக் காய்ச்சல் தொடங்கிப் பத்தாவது நாள். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டுகிற ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 89. ரிப்போர்ட்டை அக்கா கையிலேயே கொடுத்துவிட்டு ஆட்டோ பிடிக்க ஓடினேன்.

அந்தக் கேள்விக்கு அன்று என்னிடம் பதில் இல்லை. தேடிப் படித்த பிறகு புரிந்தது இது: அந்த நம்பரை எப்போது எடுத்தோம், எந்த ஆன்டிபாடியை அளந்தோம் என்று கேட்காமல் அதை வைத்து நோய் முற்றுமா முற்றாதா என்று சொல்லவே முடியாது. '250க்கு மேல்' என்றால் அதற்கு மேல் அந்தப் பரிசோதனை எண்ணாது, அவ்வளவுதான்.

புதிதாக ஒரு வைரஸ் நுழைந்தால் ஆன்டிபாடி ரத்தத்தில் தென்பட ஒன்று, இரண்டு வாரம் ஆகும். நுரையீரலில் வைரஸ் எவ்வளவு பெருகியதோ, உடம்பு எவ்வளவு போராடியதோ, பெரும்பாலும் அந்த அளவுக்கு அது ஏறும். அதனால்தான் கொரோனாவில் மிக மோசமாகப் படுத்தவர்களிடம் லேசாக வந்துபோனவர்களைவிட ஆன்டிபாடி அதிகமாக இருந்ததைப் பல ஆய்வுகள் கண்டன. இரண்டாம் வாரத்து நம்பர் நடந்த சண்டையின் அளவைச் சொல்கிறது, இனி வரப்போவதை அதில் தேடக் கூடாது.

நோய் வருவதற்கு முன்பே இருக்கிற ஆன்டிபாடியின் கதை வேறு. 2021இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பல தடுப்பூசிகளின் தரவை ஒன்றுசேர்த்துக் கணக்குப் போட்டார்கள். நோயிலிருந்து மீண்டவர்களின் சராசரி அளவில் 20 சதவீதம் இருந்தாலே அறிகுறியோடு வருகிற கொரோனாவுக்கு எதிராக 50 சதவீதப் பாதுகாப்பு. கடுமையான நோயைத் தடுக்க அதே பாதுகாப்புக்கு 3 சதவீதம் போதும். அவர்கள் கணக்கில் எடுத்தது எல்லா ஆன்டிபாடியையும் இல்லை, வைரஸை முடக்குகிற வகையை மட்டும்.

வகை பார்க்கிற இந்த விஷயத்தை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். வலை எத்தனை பாகம் நீளமிருந்தாலும் கண்ணி பொருந்தாவிட்டால் மீன் சிக்காது, சாளை வலையை வைத்துக்கொண்டு சூரைக்குப் போவீர்களா? 1966-67இல் அமெரிக்காவில் ஆர்எஸ்வி என்ற சுவாச வைரஸுக்கு ஒரு தடுப்பூசி கொடுத்துப் பார்த்தார்கள். குழந்தைகளுக்கு ஆன்டிபாடி வந்தது, ஆனால் வைரஸைச் சரியாக முடக்காத ஆன்டிபாடி. அடுத்து அந்த வைரஸ் வந்தபோது, தடுப்பூசி போட்டுத் தொற்றும் வந்த குழந்தைகளில் நூற்றுக்கு எண்பது பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. இரண்டு பிள்ளைகள் இறந்துபோயின. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமில்லை.

நோய் முற்றும் என்று முன்கூட்டியே காட்டுகிற ஆன்டிபாடியும் ஒன்று உண்டு, அது வைரஸைத் தாக்குவதே இல்லை. வைரஸ் நுழைந்ததும் நம் செல்கள் இன்டர்ஃபெரான் என்ற புரதத்தை வெளியே விடும், ஆபத்தென்றால் கோயில் மணி அடிப்பது மாதிரி. சிலருடைய உடம்பில் அந்த மணியின் நாக்கையே பிடித்து நிறுத்துகிற ஆன்டிபாடி, தொற்றுக்கு முன்பிருந்தே இருக்கிறது. 2020இல் வெளிவந்த ஆய்வில், உயிருக்குப் போராடிய 987 கொரோனா நோயாளிகளில் 101 பேரிடம் இது இருந்தது. அறிகுறியே இல்லாமலோ லேசாகவோ வந்துபோன 663 பேரில் ஒருவரிடமும் இல்லை. 101 பேரில் 95 பேர் ஆண்கள். வயது ஏற ஏற இது கூடுகிறது, 80 தாண்டியவர்களில் நூற்றுக்கு மூன்று பேருக்கு மேல். கடுமையான இன்ஃப்ளூயன்சா நிமோனியாவிலும் இதைக் கண்டிருக்கிறார்கள்.

அப்புறம் பிளாஸ்மா, நோயிலிருந்து மீண்டவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்து, அதிலிருக்கிற ஆன்டிபாடிக்காக நோயாளிக்கு ஏற்றுகிற நீர். எத்தனை வீடுகளில் அதற்காக அலைந்தோம்! இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமான ஐசிஎம்ஆர் 2020இலேயே 39 ஆஸ்பத்திரிகளில் 464 பேரிடம் சோதித்துப் பார்த்தது. நோய் முற்றுவதோ இறப்போ குறையவில்லை. தானம் வந்த பிளாஸ்மாவில் பலவற்றில் முடக்குகிற ஆன்டிபாடி குறைவாகவே இருந்தது.

முன்வரிசையில் இருக்கிற பெரியவர் கேட்கிறார், "அப்போ டெஸ்டே எடுக்க வேண்டாமா?" ஐயா, காய்ச்சலும் இருமலுமாகக் கிடக்கும்போது அந்தக் காசுக்கு ஓர் ஆக்சிமீட்டர் வாங்கி வையுங்கள். 94க்குக் கீழே போனாலோ, பேசும்போது மூச்சு இளைத்தாலோ, அதிலும் சர்க்கரை நோய் இருந்தால், ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் கிளம்பிவிடுங்கள். எங்கள் தெரு அண்ணன் பன்னிரண்டு நாள் ஆக்சிஜனில் இருந்து திரும்பி வந்தார். இதோ, கடைசி பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார்.