சாண்ட்விச் மேக்கர் வாங்கப் போகிறீர்களா? முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

வணக்கம் நண்பர்களே. வீட்டுக்கு ஒரு சாண்ட்விச் மேக்கர் வாங்க வேண்டும், எதை வாங்கலாம் என்று நிறையப் பேர் கேட்டிருந்தீர்கள். அதில் முக்கால்வாசிப் பேர் கேட்டது, "எந்தக் கம்பெனி நல்லது?" நான் இன்றைக்குக் கம்பெனியில் தொடங்கப் போவதில்லை. மேசையில் சில வகைகளை எடுத்து வைத்திருக்கிறேன், எல்லாவற்றையும் திறந்தே வைத்திருக்கிறேன், பாருங்கள். மூடியிருந்தால் எல்லாமே ஒரே மாதிரி பளபளப்பாகத்தான் தெரியும். உள்ளே இருக்கிற இந்த இரண்டு பிளேட்டில்தான் விஷயமே இருக்கிறது. பிளேட்டின் வடிவம், ஆழம், அதற்குச் சூடு எப்படி வருகிறது, அதை எப்படிக் கழுவுவது, இவ்வளவையும் பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

முதலில் இது, முக்கோண பிளேட். கேமராவைக் கொஞ்சம் கிட்டே கொண்டு வருகிறேன். நடுவில் குறுக்காக ஒரு மேடு ஓடுகிறது, தெரிகிறதா? சுற்றிலும் ஓரத்தில் ஒரு மேடு. மூடும்போது மேல் மேடும் கீழ் மேடும் சேர்ந்து பிரெட்டை நசுக்கி, ஓரத்தை ஒட்டிவிடுகின்றன. நடு மேடு இரண்டாகப் பிரித்துவிடுகிறது. உள்ளே வைத்தது வெளியே வர வழியே இல்லை. மசித்த உருளைக்கிழங்கு, உருகுகிற சீஸ், வேகவைத்த பீன்ஸ் என்று ஈரமாக, குழைவாக இருக்கிற எதற்கும் இதுதான் பொருத்தம். பச்சை முட்டையைக்கூட உடைத்து ஊற்றி மூடலாம், அந்தக் குழி பிடித்துக்கொள்ளும். 1974-ல் ஆஸ்திரேலியாவில் பிரெவில் கம்பெனி கொண்டுவந்த டோஸ்டர்தான் இந்த வெட்டி ஒட்டுகிற வடிவத்தை வீடு வீடாகக் கொண்டுபோனது. இன்றைக்கும் அடிப்படை அமைப்பு மாறவில்லை.

ஆனால் இந்த வகையில் பிரெட்டின் அளவு ரொம்ப முக்கியம். பிரெட்டின் ஓரம் அந்த மேட்டின் மேல் உட்கார வேண்டும். பிரெட் சின்னதாக இருந்தால் ஓரம் மேடு வரைக்கும் வராது, ஒட்டாது, உள்ளே இருப்பதெல்லாம் பிளேட்டில் வழிந்து கருகும். பெரிதாக இருந்தால் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிற பகுதி வெள்ளையாகவே நிற்கும். அதனால் வாங்கப் போகும் முன்பு, நீங்கள் வழக்கமாக வாங்குகிற பிரெட்டில் ஒரு துண்டை எடுத்து ஸ்கேல் வைத்து அளந்துகொள்ளுங்கள். அப்புறம் மெஷினின் பிளேட் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கிற அளவு பெரும்பாலும் மெஷினின் வெளி அளவு, பிளேட்டின் அளவு இல்லை. இணையத்தில் வாங்குகிறவர்கள் இதைக் கவனித்துப் பார்க்க வேண்டும்.

குழியின் ஆழத்தையும் பாருங்கள். சில மாடல்களில் குழி ரொம்ப மேலாக இருக்கும். ஒரு ஸ்பூன் மசாலா வைத்தாலே மூட வராது. விரலை வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும், அரை விரல் தடிமன் அளவுக்காவது ஆழம் இருக்கட்டும். பெட்டியின் மேல் இருக்கிற படத்தை நம்ப வேண்டாம்.

அடுத்தது கோடு போட்ட கிரில் பிளேட். இதில் ஓரம் ஒட்டாது, அழுத்தி வறுப்பதோடு சரி. பிரெட் எந்த வடிவத்தில் இருந்தாலும் பரவாயில்லை. நீளமான பன், கையால் வெட்டிய தடி பிரெட், எதையும் வைக்கலாம். வெள்ளரி, தக்காளி, வெங்காயம் என்று வட்டம் வட்டமாக நறுக்கி அடுக்குகிறவர்களுக்கு இதுதான். சீஸ் நிறைய வைத்தால் பக்கவாட்டில் வழியும், அதற்கு முன்பக்கம் ஒரு சின்னக் கால்வாய் இருக்கிறதா என்று பாருங்கள்.

கிரில் வகையில் நான் முதலில் பார்ப்பது பின்பக்கக் கீல். விலை குறைந்த பல மாடல்களில் கீல் ஒரே இடத்தில் நிற்கும், புத்தகத்தை மூடுவது மாதிரி மூடும். மெல்லிய பிரெட்டுக்குப் பிரச்சினை இல்லை. தடிமனாக எதையாவது வைத்தால் பின்பக்கம் நசுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும், உள்ளே இருப்பதெல்லாம் முன்னால் பிதுங்கி வந்துவிடும். வறுபடுவதும் ஒரே சீராக இருக்காது. இந்த மெஷினின் கீலைப் பாருங்கள், மேல் மூடியைப் பிடித்து அப்படியே தூக்குகிறேன். கீலும் சேர்ந்து மேலே எழும்புகிறது. இப்படி இருந்தால் தடிமனான சாண்ட்விச்சின் மேல் மூடி மட்டமாக உட்காரும். தடி பிரெட் சாப்பிடுகிற வீடு என்றால், இதற்காகக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் தப்பில்லை.

கரண்ட் இல்லாமல் அடுப்பில் வைக்கிற டோஸ்டரும் இங்கே இருக்கிறது. நீளக் கைப்பிடி, இரண்டு பக்கமும் மூடுகிற அச்சு. இதே அமைப்பு 1949-லேயே ஆஸ்திரேலியாவில் ஜாஃபிள் அயர்ன் என்ற பெயரில் காப்புரிமை வாங்கிவிட்டது. விலை குறைவு, கெட்டுப்போக உள்ளே ஒன்றும் கிடையாது. ஆனால் பக்கத்திலேயே நின்று திருப்பித் திருப்பி வைக்க வேண்டும், சூட்டை நீங்கள்தான் கணிக்க வேண்டும். பெரும்பாலானவை அலுமினியம், இண்டக்‌ஷன் அடுப்பில் அது சூடாகவே ஆகாது. கேஸ் அடுப்பு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

சரி, இப்போது சூடு. பிரெட் பொன்னிறமாக மாறி அந்த வாசனை வர வேண்டுமென்றால் அதன் மேற்பரப்பு ஏறக்குறைய 140 டிகிரி செல்சியஸைத் தாண்ட வேண்டும். ஈரம் இருக்கிற வரைக்கும் மேற்பரப்பு 100-ஐ ஒட்டியே நிற்கும். மெஷினுக்குச் சக்தி போதவில்லை என்றால் பிரெட் சிவப்பதற்குள் உள்ளே வரை காய்ந்துபோய் ரஸ்க் மாதிரி ஆகிவிடும். இரண்டு சாண்ட்விச் போடுகிற அளவு மெஷினுக்கு 700 முதல் 800 வாட் போதும். நான்கு போடுகிற பெரிய பிளேட் என்றால் 1,000 வாட்டுக்கு மேல் இருக்கட்டும். வாட் அதிகமானால் கரண்ட் பில் எகிறும் என்று பயப்பட வேண்டாம். 750 வாட் மெஷின் விடாமல் 5 நிமிடம் ஓடினால் ஒரு யூனிட்டில் பதினாறில் ஒரு பங்குதான் ஆகும். நடுவில் தானே அணைந்து அணைந்து எரிவதால் நிஜத்தில் அதைவிடக் குறையும்.

அந்த அணைந்து எரிகிற விளக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிறையப் பேர் அதைத் தப்பாக எடுத்துக்கொள்கிறார்கள். இப்போது பிளக் போட்டிருக்கிறேன், சிவப்பு எரிகிறது. கொஞ்ச நேரம் பொறுங்கள். பச்சை வந்துவிட்டது. பிரெட்டை வைத்து மூடுகிறேன். பாருங்கள், பச்சை அணைந்துவிட்டது. ஈரமான பிரெட் பட்டதும் பிளேட்டின் சூடு இறங்கிவிட்டது, தெர்மோஸ்டாட் மறுபடியும் சூடேற்றுகிறது. மறுபடி பச்சை எரிந்தால் பிளேட் சூடாகிவிட்டது என்று அர்த்தம், சாண்ட்விச் தயார் என்று அர்த்தம் கிடையாது. பச்சை வந்ததும் எடுத்துவிட்டு "இந்த மெஷின் சரியாக வறுக்கவில்லை" என்று குறை சொல்கிறவர்கள் இன்னும் ஒன்றிரண்டு நிமிடம் விட்டுப் பாருங்கள். அதே மாதிரி, பச்சை வருவதற்கு முன்பே பிரெட்டை வைத்தாலும் ஒட்டிக்கொள்ளும்.

பக்கத்தில் ஆவி வருகிறது, கையைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள். முன்னால் இருக்கிற இந்தக் கிளிப்பையும் பார்த்துவிடுங்கள். இந்த மெஷின்களில் முதலில் உடைவது பெரும்பாலும் இதுதான். மெல்லிய பிளாஸ்டிக்காக இருந்தால், நிறைய அடைத்துவிட்டு அழுத்தி மூடுகிற வீட்டில் ரொம்ப நாள் நிற்காது. கடையில் இரண்டு மூன்று தடவை போட்டு எடுத்துப் பாருங்கள், வளைந்துகொடுக்கிறதா என்று விரலிலேயே தெரியும்.

அடுத்து பிளேட்டைக் கழற்ற வருமா வராதா என்பது. என்னைக் கேட்டால், தினமும் பயன்படுத்துகிற வீட்டுக்குக் கழற்றுகிற பிளேட்தான் நல்லது. கழற்ற வராத பிளேட்டைத் தண்ணீரில் முக்க முடியாது, குழாயில் காட்ட முடியாது, ஈரத்துணியால் துடைக்கத்தான் முடியும். கீல் பக்கம் போய் உட்காருகிற சீஸும் எண்ணெயும் துணிக்கு எட்டாது. நாளாக நாளாக அது கருகி, ஒவ்வொரு தடவையும் புகை வாடை அடிக்கும். கழற்றுகிற வகையிலும் ஒன்று பார்க்க வேண்டும். பிளேட்டைக் கழற்றிவிட்டு அடியில் பாருங்கள். சிலவற்றில் சூடேறுகிற கம்பி மெஷினிலேயே இருக்கும், பிளேட் அதன் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். பிளேட் கம்பியோடு நன்றாக ஒட்டி, ஆடாமல் உட்கார வேண்டும். இடைவெளி இருந்தால் சூடு மெதுவாகத்தான் ஏறும், ஓர் இடம் சிவந்து ஓர் இடம் வெளுத்திருக்கும். எப்போதாவது ஒருநாள் பயன்படுத்துகிறவர்களுக்குக் கழற்றாத பிளேட்டே போதும், விலையும் குறைவு, பிளேட்டும் ஆடாது.

பூச்சு. நான்-ஸ்டிக் என்றால் பெரும்பாலும் டெஃப்லான் வகை, சிலவற்றில் செராமிக். செராமிக் முதலில் அருமையாக வழுக்கும், ஆனால் அந்த வழுக்கல் டெஃப்லானைவிடச் சீக்கிரம் குறைந்துவிடும். டெஃப்லான் வகை 260 டிகிரி வரைக்கும் தாங்கும், தெர்மோஸ்டாட் சரியாக வேலை செய்கிற மெஷினில் சாதாரணமாக அந்தச் சூடு வராது. வீட்டில் கிளி, குருவி என்று பறவை வளர்த்தால் மட்டும் அந்தப் பறவையைச் சமையலறையில் வைக்காதீர்கள், அளவுக்கு மீறிச் சூடான பூச்சின் புகை பறவைகளின் உயிரையே எடுத்துவிடும். எந்தப் பூச்சாக இருந்தாலும் முள்கரண்டி, கத்தி வைத்து நெம்பக் கூடாது, மரக் கரண்டியோ சிலிக்கான் கரண்டியோ போதும். வெண்ணெயை பிளேட்டில் தடவுவதைவிட பிரெட்டின் வெளிப்பக்கத்தில் தடவுங்கள், பரவலாகச் சிவக்கும். டப்பாவில் வருகிற எண்ணெய் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அதில் சேர்க்கிற லெசித்தின் சூட்டில் பிசின் மாதிரி படிந்து, நான்-ஸ்டிக்கையே ஒட்டுகிற பிளேட்டாக மாற்றிவிடும்.

மீதியை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். உலோக உடம்பு என்றால் எர்த் இருக்கிற மூன்று முனை பிளக் இருக்கிறதா என்று பாருங்கள். வெளிநாட்டிலிருந்து யாராவது வாங்கி வந்தால் வோல்டேஜ் முக்கியம், 120 வோல்ட் மெஷினை 230 வோல்ட்டில் போட்டால் அங்கேயே எரிந்துவிடும். வயர் குட்டையாக இருந்தால் சமையல் மேடையில் பிளக் எட்டாது. மேடையில் இடம் குறைவு என்றால் நிமிர்த்தி நிறுத்தி வைக்க வருகிற மாடலாகப் பாருங்கள். கைப்பிடி சுடாத பொருளில் இருக்க வேண்டும்.

எத்தனை சாண்ட்விச் அளவு வாங்குவது என்றால், இரண்டு பேருக்கு இரண்டு போதும். நான்கு பேர் ஒரே நேரத்தில் உட்கார்ந்து சாப்பிடுகிற வீட்டில் சின்னதை வாங்கினால், கடைசி ஆளுக்குக் கிடைப்பதற்குள் முதல் ஆள் கை கழுவிவிடுவார். அங்கே பெரியதுதான் சரி.

வாங்கி வந்ததும் பிளேட்டை ஈரத்துணியால் துடைத்துக் காயவைத்து, ஒரு தடவை வெறுமனே சூடேற்றுங்கள். லேசாகப் புகையும் வாடையும் வரும், ஜன்னலைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சாலையில் பட்ட எண்ணெய் எரிந்து போகிறது, அவ்வளவுதான். முதலில் வருகிற சாண்ட்விச்சைச் சாப்பிடாமல் விட்டுவிடுவது நல்லது, இரண்டாவதிலிருந்து தைரியமாகச் சாப்பிடலாம். உங்கள் பிரெட்டின் அளவையும் உள்ளே வழக்கமாக என்ன வைப்பீர்கள் என்பதையும் கமெண்ட்டில் எழுதுங்கள், எந்த பிளேட் சரிவரும் என்று பதில் போடுகிறேன்.