நிழல் வேறு, இருட்டு வேறு

சரி, அடுத்த கேள்வி. ஃப்ளோரிடாவில் இருக்கும் நேயர் ஒருவர் கேட்கிறார்: "எங்கள் நகர மன்றக் கூட்டம் எல்லோருக்கும் திறந்ததுதான். ஆனால் வழக்கறிஞர் வந்ததும் கதவைச் சாத்திக்கொண்டார்கள். இது ஏமாற்று வேலை இல்லையா?" இரண்டு நாளாக இதே நினைப்புதான் எனக்கு.

வழக்குப் போட்டவர் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார் என்று வையுங்கள். நகரத்தின் வழக்கறிஞர் மைக்கைப் பிடித்து, "நம் பக்கம் வலுவில்லை, இவ்வளவு வரைக்கும் கொடுத்துச் சமரசமாகப் போய்விடலாம்" என்கிறார். அப்புறம் அந்த மனிதர் அதற்குக் கீழே ஒரு டாலர் இறங்குவாரா? போவது உங்கள் வரிப்பணம்.

அரசு மன்றங்களின் கூட்டம் எல்லோருக்கும் திறந்திருக்க வேண்டும் என்கிற 'சூரிய ஒளிச் சட்டம்' உங்கள் மாநிலத்தில் 1967-இலேயே வந்துவிட்டது. வழக்கறிஞரோடு பேசுவதற்குக்கூட அதில் விலக்கு கிடையாது என்று மாநில உச்ச நீதிமன்றம் 1985-இல் சொல்லிவிட்டது. 1993-இல்தான் சட்டமன்றம் ஒரு சின்ன விலக்கு கொடுத்தது. அப்படி வழக்கறிஞரோடு கதவைச் சாத்திக்கொண்டு பேசும் கூட்டத்துக்கு அங்கே பெயரே 'நிழல் கூட்டம்'! நிழலின் அருமை வெயிலில் தெரியும் என்பார்களே, அதுதான்.

ஆனால் நிழல் வேறு, இருட்டு வேறு. யார் யார் உள்ளே போகிறார்கள், எவ்வளவு நேரம் ஆகும் என்று முதலில் எல்லோர் முன்னாலும் அறிவிக்க வேண்டும். உள்ளே நீதிமன்றச் சுருக்கெழுத்தர் ஒருவர் உட்கார்ந்து, ஒரு சொல் விடாமல் பதிவு செய்கிறார். வழக்கு முடிந்ததும் அந்தப் பதிவு பொதுவுக்கு வந்துவிடும். போன காணொளியில் தொண்டை கிழியச் சொன்னேன், மறுபடியும் சொல்கிறேன்: ரகசியத்துக்கு ஒரு முடிவு தேதி வேண்டும். தேதி இருந்தால் நிழல், இல்லாவிட்டால் இருட்டு.

நான் உறுப்பினராக இருந்த ஒரு சங்கத்தில் இப்படித்தான், "வக்கீல் வந்திருக்கிறார், கொஞ்சம் வெளியே இருங்கள்" என்றார்கள். முக்கால் மணி நேரம் வராந்தாவில் நின்றோம். உள்ளே போனால் மேஜை மேல் பெயின்ட் விலைப்பட்டியல்! வக்கீல் எப்போதோ கிளம்பிவிட்டாராம்.

அதனால், கதவை ஏன் மூடினார்கள் என்று கேட்பதை விட, மூடிய பிறகு வேறு என்ன பேசினார்கள் என்று கேட்டிருந்தால் எனக்கு இன்னும் பிடித்திருக்கும். உங்கள் சட்டப்படி உள்ளே பேசலாம் என்பது இரண்டே விஷயம்: சமரசப் பேச்சு, வழக்குச் செலவு தொடர்பான உத்தி. அதுவும் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கும் வழக்காக இருக்க வேண்டும். முடிவை வெளியே வந்து, உங்கள் முன்னால்தான் எடுக்க வேண்டும். வழக்கு முடியட்டும், நகர மன்ற எழுத்தரிடம் போய் அந்தப் பதிவைக் கேளுங்கள். பெயின்ட் பற்றி ஒரு வரி இருந்தாலும் எனக்கு எழுதுங்கள்.