வீட்டுப் பிரசவம், தனியார் மிட்வைஃப்: கொழும்பில எது சரிவரும்?

வணக்கம். லண்டனில சொந்தக்காரர் வீட்டிலயே பிள்ளை பெத்திருக்கினம், கொழும்பிலயும் அப்பிடி ஒரு மிட்வைஃபைக் காசு குடுத்துப் பிடிக்கலாமோ எண்டு கனபேர் கேக்கிறீங்கள். இண்டைக்கு அதைத்தான் கதைக்கப்போறன்.

முதல்ல அங்க என்ன நடக்குது எண்டு பாப்பம். இங்கிலாந்தில தனியாத் தொழில் செய்யிற, பதிவுள்ள மிட்வைஃப்மார் இருக்கினம். கர்ப்பம் தொடக்கம் பிள்ளை பிறந்து சில கிழமை மட்டும் பெரும்பாலும் ஒரே ஆள்தான் வீட்டுக்கு வருவா. உங்கட உடம்பு, பயம், வீட்டு நிலவரம் எல்லாம் அவவுக்குத் தெரியும். நோ வந்தாப் பிறகு, 15 நிமிசத்துக்கு ஒருக்கா, ஒரு நோ அடங்கின கையோட, முழுசா ஒரு நிமிசம் பிள்ளையின்ர இதயத்துடிப்பைக் கேப்பா. முக்கத் தொடங்கினா 5 நிமிசத்துக்கு ஒருக்கா. பிள்ளை வெளிய வாற நேரம் இரண்டாவது மிட்வைஃப் ஒராள் பக்கத்தில நிக்கோணும். தாயை ஒராள் பாக்க, பிள்ளைக்கு மூச்சு வராட்டி முதல் நிமிசத்துக்குள்ளயே மாஸ்க் வைச்சுக் காத்துக் குடுக்க மற்ற ஆள் வேணும்.

இவ்வளவு ஏற்பாடு இருந்தும், 2011இல அங்க வெளிவந்த பெரிய ஆய்வைப் பாருங்கோ. சிக்கல் ஒண்டும் இல்லாத தாய்மாரைத்தான் எடுத்தவை. வீட்டில பெற வெளிக்கிட்ட முதற்பிள்ளைக்காரரில 100க்கு 45 பேர் ஆஸ்பத்திரிக்கு மாற வேண்டி வந்தது. அதுக்கு முன்னம் பிள்ளை பெத்தவையில 12 பேர். முதற்பிள்ளை எண்டால் பிள்ளைக்கு வாற பாரதூரமான பாதிப்பும் ஆஸ்பத்திரியில 1000க்கு 5.3, வீட்டில 9.3. அந்த மாற்றம் தடங்கலில்லாமல் நடக்கிறதிலதான் அங்கத்தைய வீட்டுப் பிரசவமே தங்கியிருக்கு.

இப்ப வெள்ளவத்தைக்கு வாங்கோ. ஆறாம் மாடி ஃபிளாட், ஸ்ட்ரெச்சர் படுக்கையாப் போகாத லிஃப்ட், பின்னேரம் 5 மணிக்குக் காலி வீதி. 1990க்கு அடிச்சா சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும், ஆனா இரத்தப்போக்கு அதுக்காகப் பொறுக்காது.

அந்த இரத்தப்போக்கைக் கொஞ்சம் விளங்கப்படுத்துறன். இளங்கொடி விழுந்த உடன தொப்புளுக்குக் கீழ கை வைச்சுப் பாத்தா கர்ப்பப்பை கிரிக்கெட் பந்து மாதிரி இறுகி இருக்கோணும். மெத்தெண்டு இருந்தா அது சுருங்கேல்லை, உள்ளுக்குள்ள இரத்தக்குழாய் திறந்தபடி கிடக்கு எண்டு அர்த்தம். மூத்திரப்பை நிரம்பியிருந்தாலும், கொடித்துண்டு மிஞ்சிக் கிடந்தாலும் சுருங்காது. 500 மில்லிலீற்றர் தாண்டினா அது அவசரம். இதைத் தடுக்கத்தான் பிள்ளை பிறந்த உடன தொடையில ஒக்சிடோசின் 10 யூனிற் போடுறது. அந்த மருந்தை 2 தொடக்கம் 8 பாகை குளிரில வைக்கோணும். கொழும்பு வெக்கையில கைப்பைக்குள்ள கொண்டு திரிஞ்சா அதின்ர சக்தி குறைஞ்சிடும். ஊசி போட்டும் நிக்காட்டி இரத்தம் ஏத்தோணும், தியேட்டருக்குக் கொண்டுபோகோணும். அது ரெண்டும் வீட்டில இல்லை.

அதால என்ர நிலைப்பாடு இதுதான்: கொழும்பில பிரசவம் ஆஸ்பத்திரியில, மிச்சக் கவனிப்பு வீட்டில.

அந்தக் கவனிப்பு எங்களுக்கு இலவசமாவே இருக்கு! உங்கட பகுதிக்கு ஒரு குடும்ப நல உத்தியோகத்தர் இருப்பா, நாங்கள் மிட்வைஃப் மிஸ் எண்டு கூப்பிடுறவா. 8 கிழமைக்கு முன்னமே அவவிட்டப் பதியுங்கோ. தனியார் ஆஸ்பத்திரியில டொக்டரைக் காட்டுற ஆக்கள் கனபேர் இதை விட்டிடுகினம், பிறகு பிள்ளை பிறந்தாப் பிறகு வீட்டுக்கு ஒருத்தரும் வரேல்லை எண்டு கவலைப்படுகினம். பதிவிருந்தாத்தானே அவவுக்குத் தெரியும்? பிரசவத்துக்கு யாழ்ப்பாணம், மட்டக்களப்பு எண்டு அம்மா வீட்டுக்குப் போறதெண்டா, இங்கத்தைய மிஸ்ஸுக்கும் அங்கத்தைய மிஸ்ஸுக்கும் சொல்லிப்போட்டு கிளினிக் காட்டைக் கையோட கொண்டுபோங்கோ.

அதுக்கு மேல தனியார் மிட்வைஃப் வேணுமெண்டா வைக்கலாம், பிழையில்லை. ஆனா இலங்கை மருத்துவ சபைப் பதிவு இலக்கத்தை முதலே கேளுங்கோ. சொல்லத் தயங்கினா அந்த ஆள் வேண்டாம். 36ஆம் கிழமையளவில ஒருக்கா வரச் சொல்லுங்கோ. வீட்டில பிறசர் பாக்கிற முறையைப் பழக்குவா: 5 நிமிசம் சாஞ்சு இருந்து, கால் ரெண்டும் நிலத்தில, பட்டி நெஞ்சு மட்டத்தில. 140க்கு 90 அல்லது அதுக்கு மேல காட்டினா அண்டைக்கே ஆஸ்பத்திரி.

அவவின்ர நேரம் கூடுதலாத் தேவைப்படுறது பிறந்து 3ஆம் நாள் தொடக்கம் 5ஆம் நாள் மட்டும். பால் கட்டி மார்பு கல்லாகிற நேரம், பிள்ளை காம்பு நுனியை மட்டும் கவ்வி, காம்பு வெடிச்சு, மாப்பால் போத்தல் வீட்டுக்குள்ள வாறதும் அப்பதான். வாய் அகலத் திறந்திருக்கோ, கீழுதடு வெளிய மடிஞ்சிருக்கோ, நாடி மார்பில முட்டுதோ எண்டு பக்கத்தில இருந்து பாத்துத் திருத்தோணும். ஃபோனில சொல்லித் திருத்திறது கஷ்டம். 5ஆம் நாளுக்குப் பிறகு ஒரு நாளைக்கு 6 நாப்கின்னாவது நனைஞ்சா பால் காணும்.

ஆஸ்பத்திரியில துண்டு வெட்டின அண்டைக்கே மிஸ்ஸுக்கு ஃபோன் எடுங்கோ, முதல் 10 நாளுக்குள்ள ரெண்டு தரம் அவ வரோணும். ஒரு பேட் ஒரு மணித்தியாலத்துக்குள்ள முழுக்க ஊறினா, கடும் தலையிடியோட கண் மங்கினா, காய்ச்சல் வந்தா, பிள்ளை பால் குடிக்காமல் துவண்டு கிடந்தா மட்டும் அவ வருமட்டும் பாத்துக்கொண்டிருக்க வேண்டாம், நேர ஆஸ்பத்திரிக்குப் போங்கோ.