ஒருத்தர் சொன்னால்தான் பொறுத்துக் கேட்போம்

நடுவர் அவர்களே, எனக்கு முன்னால் பேசிய எதிரணி நண்பர் நன்றாகவே பேசினார். வெளியே தெரியாத சுயாதீன இசைக்கலைஞர்களை நம்மிடம் கொண்டுவந்து சேர்ப்பது இசைச் செயலியின் பரிந்துரைதான், மனிதரின் பரிந்துரை அல்ல என்பது அவர் கட்சி. செயலி சோர்வதில்லை, நம் ரசனை நம்மைவிட அதற்கு நன்றாகத் தெரியும், அதற்கு ஓரவஞ்சனையும் கிடையாது என்றார். சோர்வதில்லை என்பதை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். நள்ளிரவில் எழுப்பி, “ஒரு நல்ல பாட்டு சொல்லு” என்றால் செயலி சொல்லும். நான் தலையணையைத் தூக்கி எறிவேன். மற்ற இரண்டுக்கும் பதில் சொல்லாமல் நான் இறங்கப் போவதில்லை.

ரசனை தெரியும் என்கிறாரே, எப்படித் தெரியும்? உங்களைப் போலவே கேட்கிற ஆட்களைத் தேடிப் பிடித்து, அவர்கள் கேட்டு நீங்கள் கேட்காததை எடுத்து உங்கள் முன் வைக்கிறது. ஸ்பாட்டிஃபை என்ற இசைச் செயலி 2015-ல் கொண்டுவந்த டிஸ்கவர் வீக்லி என்ற பரிந்துரைப் பட்டியல், திங்கட்கிழமைதோறும் 30 பாட்டு தரும். அதற்கு முக்கியமான தீனி எது தெரியுமா? பயனர்கள் தாங்களே மெனக்கெட்டுத் தொகுத்த பிளேலிஸ்ட்கள். அதாவது, இந்தப் பாட்டுக்குப் பக்கத்தில் அந்தப் பாட்டு இருந்தால் நன்றாயிருக்கும் என்று யாரோ ஒரு மனிதர் உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் பேரை எடுத்துவிட்டுச் செயலி தன் பேரைப் போட்டுக்கொண்டது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே!

சரி, பேர் போனால் போகட்டும். யாருமே கேட்காத பாட்டைச் செயலி என்ன செய்யும்? இசைத்துறைப் புள்ளிவிவரம் திரட்டுகிற லுமினேட் நிறுவனம் 2023-க்கு எடுத்த கணக்குப்படி, இணைய இசைச் சேவைகளில் இருந்த பாடல்கள் 18 கோடிக்கும் மேல். அவற்றில் ஏறத்தாழ 4.5 கோடிப் பாடல்கள் அந்த ஆண்டில் ஒரு தடவைகூட ஒலிக்கவில்லை. கேட்டவர் இல்லையென்றால் தரவு இல்லை. தரவு இல்லையென்றால் பரிந்துரை இல்லை. பரிந்துரை இல்லையென்றால் கேட்பவர் எங்கிருந்து வருவார்? இந்தச் சிக்கலுக்கு அந்தத் துறைக்காரர்களே கோல்ட் ஸ்டார்ட் என்று பேர் வைத்திருக்கிறார்கள். செயலி இப்போது ஒலியையே அலசிவிடும் என்று நண்பர் எழுந்து சொல்லக்கூடும். அலசட்டும். தாளம் எவ்வளவு வேகம், சுருதி என்ன, குரலா கருவியா என்றெல்லாம் கண்டுபிடித்து, ஏற்கெனவே ஓடுகிற ஒன்றைப் போல இருக்கிறது என்று சொல்லும். யார் மாதிரியும் இல்லாமல் பாடுகிறவரைத்தானே நாம் தேடுகிறோம்? அவரை எந்த வரிசையில் கொண்டுபோய் உட்கார வைக்கும்?

நடுவர் அவர்களே, என் வாதத்தின் உயிர் இனிமேல்தான் இருக்கிறது. ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு 30 விநாடி ஓடினால்தான் அதைக் கேட்டதாகக் கணக்கு. அதற்குள் தள்ளிவிட்டால் அந்தப் பாட்டுக்குக் கால் காசு கிடையாது. பெரிய பேர் உள்ளவர் பாட்டென்றால் முதல் நிமிடம் சப்பென்று இருந்தாலும் பொறுத்துக்கொள்வோம். முன்பின் தெரியாத ஒருவருக்கு அந்தப் பொறுமையை யார் தருவார்கள்? செயலி வரிசையில் அவர் பாட்டு வந்தால், விரல் தானாகவே அடுத்த பாட்டுக்குப் போகிறது.

இதே பாட்டை ஒரு நண்பர் அனுப்புகிறார் என்று வையுங்கள். கூடவே எழுதுகிறார்: “ராத்திரி ஹெட்போன் போட்டுக் கேள். ஆரம்பத்தில் ஒன்றும் இருக்காது, கிதார் கம்பியில் விரல் வழுக்குகிற சத்தம்தான். நிறுத்திவிடாதே. இரண்டாவது சரணத்தில் குரல் உடையும், பாட்டே அங்கேதான் தொடங்குகிறது.” நீங்கள் நிறுத்துவீர்களா? மாட்டீர்கள். நாளைக்கு அவர் கேட்பாரே! அந்த இரண்டு நிமிடப் பொறுமையை அந்தக் கலைஞருக்கு வாங்கிக் கொடுத்தது உங்கள் நண்பர் மேல் உங்களுக்கு இருக்கிற மரியாதை. எந்த நிரலாலும் அதை உண்டாக்க முடியாது.

நம் சங்கப் புலவர்கள் இதற்கென்றே ஓர் இலக்கிய வகை வைத்திருந்தார்கள். வள்ளலிடம் பரிசில் பெற்றுத் திரும்புகிற பாணன், எதிரே வறுமையோடு வருகிற இன்னொரு பாணனுக்கு வழி சொல்வான். ஆற்றுப்படை என்று பள்ளியில் படித்தோமே, அதுதான். பத்துப்பாட்டில் பாதி அதுவே. வழி சொல்கிறவன் தான் போய்ப் பெற்றதைச் சொல்கிறான், அதனால்தான் கேட்கிறவன் நம்பி நடக்கிறான். இங்கே திசை மட்டும் மாறுகிறது, ரசிகனைக் கலைஞனிடம் அனுப்புகிறோம்.

பிரிட்டனின் பிபிசி ரேடியோ 1 வானொலியில் ஜான் பீல் என்றொருவர் இருந்தார். 1967-ல் சேர்ந்து, 2004-ல் இறக்கும்வரை அங்கே பாட்டுப் போட்டார். இசைத்தட்டைத் தப்பான வேகத்தில் ஓடவிட்டு மன்னிப்புக் கேட்கிற ஆள். ஆனாலும் யாருக்கும் தெரியாத குழுக்கள் தங்கள் ஒலிநாடாவை அவருக்குத்தான் அனுப்பின. 1978-ல் வட அயர்லாந்தின் டெர்ரியிலிருந்து அண்டர்டோன்ஸ் என்ற இளைஞர் குழுவின் தட்டு வந்தது. பெல்ஃபாஸ்டில் ஒரு சின்ன நிறுவனம் வெளியிட்டது. பீல் அதை ஒலிபரப்பில் போட்டார். முடிந்ததும் அதே பாட்டை உடனே மறுபடி போட்டார்! கொஞ்ச நாளில் சயர் ரெக்கார்ட்ஸ் என்ற அமெரிக்க இசைத்தட்டு நிறுவனம் அந்தக் குழுவோடு ஒப்பந்தம் போட்டது. ஒரே பாட்டு அடுத்தடுத்து இரண்டு முறை வந்தால் செயலியில் அதைக் கோளாறு என்போம். அன்றைக்குக் கேட்டவர்களுக்கோ, இந்த மனுஷன் சொக்கிப்போய்விட்டான் என்று புரிந்தது.

டெட்ராய்ட்டில் ரோட்ரிகஸ் என்றொரு பாடகர். 1970-லும் 1971-லும் இரண்டு ஆல்பம் போட்டார், அமெரிக்காவில் விற்கவில்லை. பழைய வீடுகளை இடித்துச் செப்பனிடுகிற கூலி வேலைக்குப் போய்விட்டார். தென்னாப்பிரிக்காவிலோ அவர் பாட்டு கைக்குக் கை, நாடாவிலிருந்து நாடாவுக்குப் பிரதியாகிப் பரவியது. ஆள் செத்தே போய்விட்டார் என்று அங்கே வதந்தி வேறு. ரசிகர்கள் விடாமல் தேடிக் கண்டுபிடித்து, 1998-ல் அவரை அங்கே அழைத்துவந்து பாட வைத்தார்கள். அந்த ரசிகர்களிடம் இருந்தது ஒரு நாடா, அதைக் கேட்கச் சொல்ல ஒரு வாய்.

அடுத்து ஓரவஞ்சனை. ஸ்பாட்டிஃபையிலேயே 2020-ல் அறிமுகமான டிஸ்கவரி மோட் என்றொரு ஏற்பாடு உண்டு. பாட்டை அதில் சேர்த்தால் தானியங்கி வரிசைகளில் கூடுதலாக முன்னே வரும், பதிலுக்கு அப்படி வந்த கேட்புகளின் உரிமத்தொகையில் 30 சதவீதத்தை நிறுவனம் எடுத்துக்கொள்ளும். இதற்குப் பேர் நடுநிலையா? 2024-லிருந்து இன்னொன்று: முந்தைய 12 மாதத்தில் 1,000 முறையாவது ஒலிக்காத பாட்டுக்கு ஒலிப்பதிவு உரிமத்தொகையே கிடையாது. நாம் பேசுகிற ஆட்கள் பெரும்பாலும் அந்த ஆயிரத்துக்குக் கீழேதான் தொடங்குகிறார்கள்.

மனிதர்கள் மட்டும் யோக்கியமா என்று கேட்பீர்கள். எல்லாரும் இல்லை. காசு வாங்கிக்கொண்டு பிளேலிஸ்டில் சேர்க்கிறவர் இருக்கிறார். தனக்குப் பிடித்த குழு பிரபலமானதுமே அதை வெறுக்கத் தொடங்குகிறவரும் இருக்கிறார், அவரோடு பேசி மீளவே முடியாது! இன்னொரு வகை, நாற்பது பாட்டை மொத்தமாக அனுப்பிவிட்டு “எல்லாமே சூப்பர்” என்பவர். அது பரிந்துரையே இல்லை, மூட்டை. ஆனால் பொய் சொன்னவர் இன்னாரென்று நமக்குத் தெரியும், அடுத்த முறை அவர் பேச்சை எடுக்க மாட்டோம். செயலியிடம் யார் போய்ச் சண்டை போடுவது?

தேடவும் வழி இருக்கிறது. பிடித்த ஆல்பத்தில் டிரம்ஸ் வாசித்தவர் வேறு யாருக்கு வாசித்தார் என்று பாருங்கள். கச்சேரிக்குப் போனால் முக்கியக் குழுவுக்கு முன்னால் பாடுகிறவர்களுக்காகச் சீக்கிரம் போங்கள். கலைஞர்களே தங்கள் இசையை விற்கிற பேண்ட்கேம்ப் இணையதளத்தில் ஒரு ஆல்பத்தை வாங்கியவர்கள் ஏன் பிடித்தது என்று இரண்டு வரி எழுதியிருப்பார்கள், அவர்கள் வாங்கிய மற்றவையும் தெரியும். நம் ரசனையோடு ஒத்துப்போகிற காது உள்ள ஒருவர் கிடைத்தால் அங்கேயே ஒரு மாதத்துக்குச் சாப்பாடு.

மணி அடித்துவிட்டது, நடுவர் அவர்களே. எனக்குப் பின்னால் எதிரணியிலிருந்து ஒருவர் பேச வருகிறார். அவரிடம் ஒரு வேண்டுகோள். அதிகம் பேருக்குத் தெரியாத, ஆனால் அவருக்கு உயிரான ஒரு பாடகரின் பேரை முதலில் சொல்லட்டும். அந்தப் பேரை அவருக்கு யார் சொன்னார்கள் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, அப்புறம் செயலியின் பெருமையைப் பேசட்டும்.