ஃப்ரீ த்ரோ கோட்டில் ஒரு பையன்

நேயர்களுக்கு வணக்கம்.

கூடைப்பந்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது எது என்று கேட்டால், எம்பிக் குதித்து வளையத்தில் தொங்குவதை நான் சொல்ல மாட்டேன். ஃப்ரீ த்ரோவைத்தான் சொல்வேன். எதிரணிக்காரர் தப்பாக இடித்துவிட்டால், இடிபட்டவர் ஒரு கோட்டில் நின்று நிதானமாகப் பந்து எறியலாம். 15 அடி தூரம், 10 அடி உயரத்தில் வளையம். குறுக்கே யாரும் வர மாட்டார்கள். கேட்கச் சுலபம். நான் ஆடிய பள்ளி மைதானத்தில் வளையத்துக்கு வலையே கிடையாது. பந்து உள்ளே போனதா ஓரமாகப் போனதா என்று எறிக்கு ஒரு சண்டை வரும். பெரும்பாலும் என் எறிக்குத்தான். அதனால் அந்தக் கோட்டில் யார் போய் நின்றாலும் இன்றைக்கும் எனக்கு வயிறு கலங்கும்.

அப்படி நின்ற ஒருவரைப் பற்றிப் பேசத்தான் வந்திருக்கிறேன். குரோஷியாவின் திராஷென் பெட்ரோவிச். 1964-இல் ஷிபெனிக் என்ற கடற்கரை ஊரில் பிறந்தவர். அன்றைக்கு அது யூகோஸ்லாவியா, குரோஷியாவும் செர்பியாவும் சேர்ந்திருந்த நாடு. அண்ணன் அலெக்சாண்டர் கூடைப்பந்து ஆடப் போனார், தம்பியும் பின்னாலேயே போனார். அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரிதான். பள்ளிக்குக் கிளம்பும் முன்பே, ஆளில்லாத அரங்கில் தனியாக எறிந்து பழகுவது தம்பியின் வழக்கம். 1979-இல் ஊர் அணியான ஷிபென்காவில் பெரியவர்களோடு ஆட ஆரம்பித்துவிட்டார். ஆளில்லாத அரங்கு என்பதை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, 1983 ஏப்ரல் மாதம். யூகோஸ்லாவியச் சாம்பியன் யார் என்று தீர்மானிக்கும் கடைசி ஆட்டம், ஷிபெனிக்கிலேயே நடக்கிறது. எதிரே சரயேவோ நகரத்து போஸ்னா அணி. போஸ்னா 82, ஷிபென்கா 81. கடிகாரத்தில் ஒரு நொடி மிச்சமில்லை. அந்த நேரத்தில் நடுவர் விசில் ஊதி, போஸ்னாக்காரர் இடித்துவிட்டார் என்கிறார். இடிபட்டவர் பெட்ரோவிச். வயது 18.

இரண்டு எறி. இரண்டும் தவறினால் தோல்வி. ஒன்று விழுந்தால் சமம். இரண்டும் விழுந்தால் அந்தச் சின்ன ஊர் நாட்டுக்கே சாம்பியன். நேரம் தீர்ந்துவிட்டதால் மற்றவர்களுக்கு ஆடுகளத்தில் இனி வேலையே இல்லை. ஊரே அரங்கில் இருந்தாலும் பையன் என்னவோ தனியாகத்தான் நிற்கிறான். நான் இதை எத்தனையோ பேரிடம் சொல்லியிருக்கிறேன், ஒவ்வொரு தடவையும் இந்த இடத்தில் நிறுத்திவிட்டு எதிரே இருப்பவர் முகத்தைப் பார்ப்பேன். வானொலியில் அதற்கு வழியில்லை.

முதல் எறி உள்ளே. இரண்டாவதும் உள்ளே. 83க்கு 82. ஊர் விடிய விடியத் தூங்கவில்லை.

மறுநாளே கூடைப்பந்துச் சம்மேளனம், நடுவர் செய்தது சரியில்லை, நோவி சாத் நகரத்தில் ஆட்டத்தைத் திரும்ப ஆடுங்கள் என்றது. ஷிபென்கா மறுத்தது. பட்டம் போஸ்னாவுக்குப் போய்விட்டது. விசில் சரியா தப்பா என்று எவ்வளவு வேண்டுமானாலும் சண்டை போடட்டும். எனக்கு முக்கியம் அந்த இரண்டு எறிகள்தான். அவற்றை எந்தச் சம்மேளனத்தாலும் திரும்ப வெளியே எடுக்க முடியாது.

அப்புறம் ஒரு வருஷம் ராணுவ சேவை. முடித்துவிட்டு ஸாக்ரெப் நகரத்தின் சிபோனா அணி. அங்கே அண்ணனும் இருந்தார். 1985, 86 இரண்டு வருஷமும் ஐரோப்பியச் சாம்பியன் கோப்பை அவர்களுக்குத்தான். 1985 அக்டோபரில் லியுப்லியானாவின் ஒலிம்பியா அணிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 112 புள்ளிகள் எடுத்தார். எல்லோரும் இந்த 112-ஐத்தான் சொல்வார்கள். எதிரே ஆடியவர்கள் இளைஞர் அணிப் பையன்கள் என்பதைச் சொல்ல மாட்டார்கள். நான் அந்தக் கணக்கில் வேறொன்றைப் பார்ப்பேன். அன்று 22 ஃப்ரீ த்ரோ எறிந்தார், 22-உம் உள்ளே. எதிரே பையன்கள் நின்றால் என்ன, பயில்வான்கள் நின்றால் என்ன? ஃப்ரீ த்ரோவில் குறுக்கே ஆளே கிடையாது.

ஒரு வருஷம் ரியல் மாட்ரிட்டில் ஆடிவிட்டு, 1989-இல் அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்துத் தொடரான என்பிஏ-வுக்குப் போனார். போர்ட்லேண்ட் அணி. ஐரோப்பாவில் ஒரு இறுதி ஆட்டத்தில் தனியாளாக 62 புள்ளி எடுத்த கையோடு போனவரை அங்கே பெஞ்சில் உட்கார வைத்தார்கள். அவருடைய இடத்தில் கிளைடு டிரெக்ஸ்லர், டெர்ரி போர்ட்டர் என்று பெரிய ஆட்கள் இருந்தார்கள், அதையும் சொல்லத்தான் வேண்டும். முதல் வருஷம் ஆட்டத்துக்குச் சுமார் 12 நிமிடம், அடுத்த வருஷம் ஏழு நிமிடம்தான். கிரிக்கெட்டில் தண்ணீர் பாட்டில் தூக்கி வரும் பன்னிரண்டாம் ஆள் முகத்தைக் கவனித்திருக்கிறீர்களா? அந்த முகத்தோடு ஒன்றரை வருஷம்.

1991 ஜனவரியில் நியூ ஜெர்சி நெட்ஸ் அணிக்கு மாற்றினார்கள். அங்கே ஆட விட்டார்கள், அவ்வளவுதான். முதல் முழுப் பருவத்தில் ஆட்டத்துக்குச் சராசரி 20.6 புள்ளி, அடுத்த பருவத்தில் 22.3. ஐரோப்பியர்கள் அமெரிக்காவில் தாக்குப்பிடிக்க மாட்டார்கள் என்ற பேச்சு அதோடு அடங்கத் தொடங்கியது. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் குரோஷியா முதன்முதலாகத் தன் சொந்தக் கொடியோடு வந்து, இறுதி ஆட்டம் வரை போனது. எதிரே மைக்கேல் ஜோர்டான், மேஜிக் ஜான்சன் இருந்த அமெரிக்க அணி. ஆரம்பத்தில் 25க்கு 23 என்று குரோஷியா முந்தியது. முடிவில் 117க்கு 85, தோல்விதான். ஆனால் அந்த 85-இல் 24 பெட்ரோவிச்சுடையது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து கை காட்டுகிறார்கள். இரண்டு விஷயம் பாக்கி இருக்கிறது, வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

1993 ஜூன். போலந்தில் ஆடிவிட்டு அணி பிராங்பர்ட் வழியாக விமானத்தில் ஊர் திரும்புகிறது. இவர் மட்டும் அங்கே இறங்கி, தோழியோடு காரில் கிளம்புகிறார். ஓட்டியது தோழி. மழை, பவேரியாவின் நெடுஞ்சாலை, குறுக்கே ஒரு லாரி. முன் இருக்கையில் சீட் பெல்ட் போடாமல் தூங்கிக்கொண்டிருந்தார். ஜூன் 7. வயது 28.

இன்னொன்று, செர்பியாவின் விளாதே திவாச். யூகோஸ்லாவிய அணியில் இவருடைய உற்ற நண்பர். 1990-இல் புவனோஸ் ஐரிஸில் உலகக் கோப்பையை வென்ற சந்தோஷத்தில், குரோஷியக் கொடியோடு ஆடுகளத்துக்குள் ஓடி வந்த ஒரு ரசிகரிடமிருந்து திவாச் அந்தக் கொடியைப் பிடுங்கினார். அதோடு பேச்சு நின்றது. நாடும் உடைந்தது. என்றாவது ஒருநாள் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம் என்று திவாச் நினைத்திருந்தார். இதற்கென்று நான்கு பக்கம் எழுதி வந்தேன், கையிலேயே இருக்கிறது. நேரம் முடிந்துவிட்டது. வணக்கம்.