பத்து வயது முதல் பதினெட்டு வரை: ஓர் ஆசிரியைக்குப் பிடித்த அண்மைக்கால நாவல்கள்

வணக்கம். நான் பள்ளி ஆசிரியை. சிறுவர்களுக்கும் இளையோருக்கும் எழுதப்படும் நாவல்களை வேலைக்காகப் படிக்கத் தொடங்கி, இப்போது ஆசைக்காகவே படிக்கிறேன். கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்தவற்றில், பிடித்துப் போய்த் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கும் சில புத்தகங்களைப் பற்றிப் பேசப் போகிறேன். எது முதலிடம், எது இரண்டாமிடம் என்றெல்லாம் வரிசைப்படுத்தவில்லை. எனக்கு ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். அதைச் சொல்ல இந்தப் புத்தகங்கள் வேண்டும்.

"பக்கத்துக்கு நாலு வரிதான் இருக்கிறது, இதெல்லாம் ஒரு புத்தகமா?" "முழுக்கப் படம், இதில் படிக்க என்ன இருக்கிறது?" இப்படிக் கேட்டுப் பிள்ளையின் கையிலிருந்து வாங்கி வைத்துவிடுகிறோமே, அந்த வகைப் புத்தகங்களில்தான் இன்று மிக நல்ல எழுத்து வந்துகொண்டிருக்கிறது. வார்த்தை குறைவு என்பதால் அவை எளிதாகிவிடுவதில்லை. எழுத்தாளர் சொல்லாமல் விட்டதை எல்லாம் படிக்கிற பிள்ளையே யோசித்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது.

(திரையில்: இரண்டு நூல் அடுக்குகள். மிடில் கிரேடு, யங் அடல்ட்)

முதலில் இந்த இரண்டு பெயர்களையும் பார்த்துவிடுவோம். மிடில் கிரேடு என்றால் ஏறக்குறைய 8 முதல் 12 வயது வரை உள்ளவர்களுக்கு. யங் அடல்ட் என்றால் 12 வயதுக்கு மேல், 18 வரை. இது பதிப்பகங்களும் நூலகங்களும் வைத்துக்கொண்ட கணக்கு. பிள்ளைகள் பொதுவாகத் தங்களைவிட ஒன்றிரண்டு வயது மூத்த பாத்திரங்களைப் பற்றிப் படிக்கத்தான் விரும்புவார்கள், அதனால் பத்து வயதுக்காரருக்கான கதையில் நாயகிக்குப் பன்னிரண்டு வயது இருக்கும். அமெரிக்காவில் சிறுவர் இலக்கியத்துக்கு நியூபெரி பதக்கம் 1922 முதல் தரப்படுகிறது. இளையோர் இலக்கியத்துக்கான பிரின்ட்ஸ் விருது 2000-த்தில்தான் தொடங்கியது. நான் சொல்லப்போகும் புத்தகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஏதாவது ஒன்றின் கண்ணில் பட்டவை. ஆனால் விருது வாங்கியதாலேயே ஒரு புத்தகத்தைப் பிள்ளையிடம் நீட்ட மாட்டேன். விருது வாங்கியும் பிள்ளைகள் பத்துப் பக்கத்தைத் தாண்டாத புத்தகங்கள் உண்டு.

சரி, கதைக்கு வருவோம்.

ஜேசன் ரெனால்ட்ஸ் எழுதிய 'லாங் வே டவுன்', 2017-இல் வந்தது. வில் என்ற பதினைந்து வயதுப் பையன். அவன் அண்ணன் ஷான் சுட்டுக் கொல்லப்படுகிறான். அந்தத் தெருவில் தலைமுறை தலைமுறையாக மூன்று விதிகள் இருக்கின்றன: அழக் கூடாது, காட்டிக் கொடுக்கக் கூடாது, பழி வாங்க வேண்டும். வில் அண்ணனின் துப்பாக்கியை இடுப்பில் செருகிக்கொண்டு லிஃப்டில் ஏறுகிறான். கீழ்த்தளம் வந்து சேரச் சுமார் ஒரு நிமிடம் ஆகும். நாவலின் பெரும்பகுதி அந்த ஒரு நிமிடம்தான்.

ஒவ்வொரு தளத்திலும் கதவு திறக்கிறது. ஒவ்வொரு முறையும் ஒருவர் ஏறுகிறார். ஏறுகிற எல்லோருமே ஏற்கெனவே துப்பாக்கிக்குப் பலியானவர்கள். அவர்களில் ஒருத்தி டேனி, வில்லின் சின்ன வயதுத் தோழி. விளையாட்டுத் திடலில், எட்டு வயதில், யாருக்கோ வைத்த குறி தவறி இறந்து போனவள். நீ சுடும்போது குறி தவறினால் என்ன ஆகும் என்று அவள்தான் கேட்கிறாள். ரெனால்ட்ஸ் அங்கே விளக்கவுரை எதுவும் கொடுப்பதில்லை. கேட்டவள் யார் என்பதே போதுமாக இருக்கிறது.

இந்த நாவல் முழுவதும் கவிதை வடிவில் இருக்கிறது. சில பக்கங்களில் ஒரு கைப்பிடி வார்த்தைதான். ஏன் அப்படி எழுத வேண்டும்? வில்லுக்கு அழ அனுமதி இல்லை, பேச ஆளும் இல்லை. மூச்சை அடக்கிக்கொண்டிருக்கும் ஒருவன் பத்தி பத்தியாகப் பேசினால் நம்ப முடியுமா? வரி பாதியில் உடைவதும், பக்கத்தின் நடுவில் இரண்டு சொல் தனியாக நிற்பதும் அவனுடைய மூச்சாகவே படுகிறது. முடிவைச் சொல்ல மாட்டேன். ஆனால் ஒன்று சொல்லலாம்: வில் என்ன செய்தான் என்பதை ரெனால்ட்ஸ் எழுதவே இல்லை. கடைசிப் பக்கத்தைப் படித்துவிட்டு "பக்கம் ஏதாவது கிழிந்திருக்கிறதா?" என்று பிள்ளைகள் கேட்பார்கள். அந்தக் கேள்வி வந்தால் வகுப்பில் அன்றைக்கு நான் பேச வேண்டியதே இல்லை. அவன் லிஃப்டை விட்டு வெளியே போனானா இல்லையா என்று அவர்களே வாதாடுவார்கள், வாதாடும்போது புத்தகத்தைத் திறந்து ஆதாரம் காட்டுவார்கள். நூறு கேள்வித்தாள் வைத்தாலும் இந்தக் கவனமான வாசிப்பு கிடைக்காது.

பதின்மூன்று, பதினான்கு வயதுக்குக் கீழே இதைக் கொடுக்க வேண்டாம். அந்த வயதுக்காரர்களுக்குக் குவாமி அலெக்ஸாண்டரின் 'த கிராஸ்ஓவர்' இருக்கிறது. கூடைப்பந்து ஆடும் இரட்டைச் சகோதரர்கள், அவர்களுடைய அப்பா. இதுவும் கவிதையில் எழுதப்பட்டதுதான், 2015-இல் நியூபெரி வாங்கியது. ஆட்டம் நடக்கும் பக்கங்களில் எழுத்தே பந்து போலத் துள்ளும், சரியும், பெரிதாகும். படிப்பதென்றாலே முகம் சுளிக்கும் பையன்களிடம் நான் முதலில் நீட்டுவது இதைத்தான். அப்புறம் ஜாஸ்மின் வார்காவின் 'அதர் வேர்ட்ஸ் ஃபார் ஹோம்', சிரியாவிலிருந்து அமெரிக்கா வரும் ஜூட் என்ற சிறுமியின் கதை. புது மொழியில் வார்த்தை கிடைக்காமல் தடுமாறும் குழந்தைக்குக் குட்டி வரிகள் எவ்வளவு பொருத்தம் என்பது படித்தால்தான் தெரியும்.

(திரையில்: கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட ஒரு வெற்றுப் பக்கம். கட்டங்களுக்கு நடுவில் உள்ள வெள்ளைக் கோடுகள் மட்டும் ஒளிர்கின்றன)

அடுத்து கிராஃபிக் நாவல், அதாவது படக் கட்டங்களாலேயே கதை சொல்லும் நாவல். இந்த வெள்ளை இடைவெளியைப் பாருங்கள். ஒரு கட்டத்தில் ஒருவர் கையை ஓங்குகிறார். அடுத்த கட்டத்தில் இன்னொருவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறார். அடி விழுந்தது எங்கே? அந்த இடைவெளியில், அதாவது படிப்பவரின் மனத்தில். படம் பார்க்கிறான், படிக்கவில்லை என்று குறைப்படும் பெற்றோரிடம் நான் சொல்வது இதைத்தான்: முகத்தைப் படிக்கிறான், உடல் மொழியைப் படிக்கிறான், இரண்டு படங்களுக்கு நடுவில் நடந்ததை ஊகிக்கிறான்.

ஜெர்ரி கிராஃப்டின் 'நியூ கிட்' 2020-இல் நியூபெரி பதக்கம் வாங்கியது. அந்தப் பதக்கத்தைப் பெற்ற முதல் கிராஃபிக் நாவல் இது. படம் வரைவதில் உயிரையே வைத்திருக்கும் ஜார்டன் பேங்க்ஸ், கறுப்பினப் பிள்ளைகள் மிகக் குறைவாக உள்ள ஒரு தனியார் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்கிறான். அங்கே நடக்கும் துன்புறுத்தலில் பெரும்பகுதி வெளிப்படையாக இருப்பதில்லை. ஓர் ஆசிரியை ட்ரூ என்ற கறுப்பின மாணவனைத் திரும்பத் திரும்ப வேறொரு கறுப்பின மாணவனின் பெயரால் கூப்பிடுகிறார். அவருக்கு அது ஒரு சின்ன மறதி. ட்ரூவுக்கு அது ஒவ்வொரு நாளும் நடப்பது. கிராஃப்ட் அந்த ஆசிரியையைக் கெட்டவராக வரையவில்லை, அதுதான் என்னை உலுக்கியது. இது பிள்ளைகளுக்கான புத்தகம்தான், ஆனாலும் ஆசிரியர்கள் அறையில் ஒரு பிரதி கட்டாயம் இருக்க வேண்டும். நடுநடுவே வரும் ஜார்டனின் கறுப்பு வெள்ளை ஓவியப் பக்கங்களை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். வாயால் சொல்லாததை எல்லாம் அவன் அங்கேதான் சொல்கிறான்.

இதே வடிவத்தில் 'வென் ஸ்டார்ஸ் ஆர் ஸ்கேட்டர்டு'. ஓமர் முகமது சோமாலியாவிலிருந்து தப்பி, கென்யாவின் டடாப் அகதி முகாமில் வளர்ந்தவர். தன் வாழ்க்கையை அவர் சொல்ல, விக்டோரியா ஜேமிசன் அவரோடு சேர்ந்து எழுதி வரைந்தது, 2020-இல் வந்தது. ஓமரின் தம்பி ஹசனுக்குப் பேச்சு ஏறக்குறைய இல்லை. 'ஹூயோ', அம்மா, என்ற ஒரே சொல்லைத்தான் சொல்கிறான். தம்பியைப் பார்த்துக்கொள்வதா, பள்ளிக்கூடம் போவதா என்பது ஓமரின் தவிப்பு. அகதி முகாம் கதை என்றால் ஓட்டமும் குண்டுச் சத்தமும் இருக்கும் என்று பிள்ளைகள் எதிர்பார்ப்பார்கள். இதில் பெரும்பாலும் இருப்பது காத்திருப்பு. நேர்காணலுக்குக் காத்திருப்பது, பட்டியலில் பெயர் வருமா என்று காத்திருப்பது. ஒன்றுமே நடக்காத ஆண்டுகளை இப்படி ஒட்ட ஒட்டப் படிக்க வைக்க முடியும் என்று நான் நினைத்ததில்லை.

உரைநடை நாவல்களையும் விட்டுவிடக் கூடாது. வீரா ஹீராநந்தானியின் 'த நைட் டைரி' 1947-ஆம் ஆண்டுப் பிரிவினையைப் பற்றியது. நிஷாவுக்குப் பன்னிரண்டாவது பிறந்தநாளில் ஒரு நாட்குறிப்பு கிடைக்கிறது. அவளுக்கு வெளியில் பேச வராது, அதனால் இறந்துபோன அம்மாவுக்கு இரவில் கடிதமாக எழுதுகிறாள். அப்பா இந்து, அம்மா முஸ்லிம். அவர்கள் ஊரான மிர்பூர்காஸ் பாகிஸ்தானுக்குப் போய்விட, குடும்பம் எல்லையை நோக்கி நடக்கிறது. பிரிவினையைப் பாடப்புத்தகம் தேதிகளோடு சொல்லும். நிஷா, நாம் இப்போது எந்தப் பக்கம் என்று அம்மாவிடம் கேட்கிற இடத்தில் நிற்கிறாள். பதில் சொல்ல அம்மா இல்லை. கதை யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைப் பிள்ளைகள் கவனிக்கப் பழக இதைவிட நல்ல புத்தகம் தெரியவில்லை.

டானா பார்பா ஹிகேராவின் 'த லாஸ்ட் குவென்டிஸ்டா', 2022-இன் நியூபெரி, முற்றிலும் வேறு உலகம். 2061-இல் ஹாலி வால்நட்சத்திரம் பூமியில் மோதப் போகிறது. பெட்ரா என்ற சிறுமி குடும்பத்தோடு விண்கலத்தில் ஏறுகிறாள். கதை சொல்லி வளர்த்த பாட்டி லீட்டாவுக்கு இடம் இல்லை. 380 ஆண்டுகள் தூங்கி எழுந்தால், எல்லோருடைய நினைவும் துடைக்கப்பட்டிருக்கிறது. பூமியை நினைவில் வைத்திருப்பவள் பெட்ரா மட்டும். சண்டை, வேறுபாடு எதுவும் இருக்கக் கூடாது என்று எண்ணியவர்கள் கதைகளையும் சேர்த்தே அழித்திருக்கிறார்கள். பெட்ரா பாட்டியின் கதைகளை மற்றப் பிள்ளைகளுக்கு மெல்லச் சொல்லத் தொடங்குகிறாள், ஆனால் அப்படியே ஒப்பிப்பதில்லை. கேட்பவர்களுக்கு ஏற்ப மாற்றுகிறாள், கூட்டுகிறாள், குறைக்கிறாள். தொடக்கம் கொஞ்சம் கனமானது. முதல் சில அத்தியாயங்களை நீங்கள் உரக்கப் படித்துக் காட்டுங்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் புத்தகத்தை வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

எரின் என்ட்ராடா கெல்லியின் 'த ஃபர்ஸ்ட் ஸ்டேட் ஆஃப் பீயிங்' அளவில் சின்னது, 2025-இன் நியூபெரி. 1999. ஒய்டூகே பயத்தில், அதாவது 2000 பிறந்ததும் கணினிகள் எல்லாம் குழம்பிவிடும் என்ற பயத்தில், டப்பா உணவுகளைத் திருடிச் சேர்க்கும் பன்னிரண்டு வயது மைக்கேலின் முன்னால், எதிர்காலத்திலிருந்து ரிட்ஜ் என்ற இளைஞன் வந்து நிற்கிறான். நாளைக்கு என்ன ஆகுமோ என்று எப்போதும் கலங்கும் பிள்ளை உங்களுக்குத் தெரிந்திருந்தால் இதை வாங்கிக் கொடுங்கள்.

கடைசியாக, மூத்த பிள்ளைகளுக்கு மட்டும் ஒன்று. சபா தாஹிரின் 'ஆல் மை ரேஜ்', 2022-இல் வந்து, அமெரிக்கத் தேசியப் புத்தக விருதும் பிரின்ட்ஸ் விருதும் பெற்றது. கலிபோர்னியாப் பாலைவனத்தில் ஓடாத மோட்டல் ஒன்றைக் கட்டிக்கொண்டு அல்லாடும் பாகிஸ்தானியக் குடும்பத்தின் மகன் சலாஹுத்தீன், சித்தப்பாவுக்குத் தெரியாமல் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கும் அவன் தோழி நூர், லாகூரில் தொடங்கும் சலாஹுத்தீனின் அம்மா மிஸ்பாவின் பழைய கதை. குடி, போதைப்பொருள், வீட்டுக்குள் நடக்கும் வன்முறை எல்லாம் இருக்கின்றன. இதை அலமாரியில் வைத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். முதலில் நீங்கள் படியுங்கள். பதினைந்து வயதுக்கு மேல், தாங்கும் என்று நீங்கள் நம்பும் பிள்ளையிடம் கொடுங்கள். உள்ளே என்னென்ன இருக்கிறது என்பதை முன்கூட்டியே சொல்லுங்கள், வேண்டாம் என்று பாதியில் திருப்பித் தந்தால் ஏன் என்று கேட்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.